திரையில் ஒன்று, பூட்டிய அறையில் ஒன்று

போபாலில் 1984 டிசம்பரில் மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தபோது, சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு ஆலைக்குள் என்ன இருந்தது என்பதே தெரியாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அதே யூனியன் கார்பைடு நிறுவனத்தின் மேற்கு வர்ஜீனியா ஆலையிலும் ஒரு கசிவு. நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தன் வாசலுக்கு வந்த பிறகுதான் அமெரிக்கா விழித்தது. அங்கே பிறந்தவை இரண்டு ஏற்பாடுகள். ஒன்று இணையத்தில் ஏறியது. மற்றொன்றின் முக்கியமான பக்கங்களை இணையத்துக்குப் பயந்தே பூட்டினார்கள்.

முதலாவது, 1986 சட்டம் தந்த நச்சு வெளியேற்றப் பட்டியல். காற்றிலும் நீரிலும் நிலத்திலும் எதை எத்தனை பவுண்டு விட்டோம் என்று ஆலைகள் ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். அது கணினி வழியாக மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வலைத்தளம் என்ற ஒன்றே இல்லாத காலம் அது! வெட்கமும் வேலை செய்தது. 1988-இலேயே மொன்சாண்டோ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் தலைவர், காற்றில் விடும் நச்சை 1992-க்குள் 90 விழுக்காடு குறைப்பதாக அறிவித்தார். 1998-இல் ஸ்கோர்கார்டு என்ற தளம் வந்ததும் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் போதும், உங்கள் தெருவுக்குப் பக்கத்து ஆலையின் கணக்கு திரையில் வந்து நின்றது.

குறை உண்டு. ஆலை தானே எழுதித் தரும் கணக்கு அது. பல எண்கள் அளந்தவை அல்ல, மதிப்பிட்டவை. தவிர, அது முடிந்துபோன ஆண்டின் கதை. நாளை தொட்டி வெடித்தால் என்ன ஆகும் என்று அது சொல்லாது.

அதைச் சொல்வது இரண்டாவது: 1990 தூய காற்றுச் சட்டத் திருத்தத்தில் வந்த இடர் மேலாண்மைத் திட்டம். ஆபத்தான வேதிப்பொருளை வைத்திருக்கும் ஒவ்வோர் ஆலையும் அதை எழுதித் தர வேண்டும். மிக மோசமான விபத்து நடந்தால் நச்சு எத்தனை மைல் பரவும், அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. 1999-இல் சுமார் 15,000 இடங்களிலிருந்து இந்தத் திட்டங்கள் வந்து சேர்ந்தன. இணையத்தில் போட்டால் பயங்கரவாதிகளுக்கு இலக்குப் பட்டியல் ஆகிவிடும் என்று எஃப்.பி.ஐ. எதிர்த்தது. அந்த ஆகஸ்டிலேயே புதுச் சட்டம். விபத்துக் கணிப்புகள் அரசு வாசிப்பறைகளுக்குள் போயின. அடையாள அட்டை காட்ட வேண்டும், கையெழுத்திட வேண்டும், உங்கள் பகுதிக்கு வெளியே என்றால் மாதத்துக்குப் பத்து ஆலைகள்தான். நகல் எடுக்கக் கூடாது, கையால் குறித்துக்கொள்ளலாம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், இணையத்தில் மிஞ்சியிருந்த பகுதிகளையும் இறக்கிவிட்டார்கள்.

அந்த அச்சத்தை நான் எள்ளமாட்டேன். ஆனால் அமோனியாத் தொட்டி ஒளிந்துகொண்டா இருக்கிறது? நெடுஞ்சாலையில் போகிறவன் கண்ணுக்கே தெரிகிறது. பூட்டு தடுத்தது ஷிப்டு முடிந்து களைத்து வருகிறவரை; அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்ப் பென்சிலால் குறிப்பெடுக்க வேண்டும். தினமும் சுவாசிக்கும் காற்றைப் பற்றி அறிய முதலாவது போதும். ஆலைக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா என்று கேட்பவருக்கு வேண்டியது இரண்டாவதுதான். அதுதான் எட்டாத இடத்தில் இருக்கிறது.

எட்டியிருந்தாலும் டெக்சாஸின் வெஸ்ட் என்ற சிற்றூருக்குப் பயன்பட்டிருக்காது. 2013 ஏப்ரல் 17 அன்று அங்கே உரக்கிடங்கு வெடித்து 15 பேர் இறந்தார்கள். அதன் திட்டம் பேசியது அமோனியாவைப் பற்றி. வெடித்தது அமோனியம் நைட்ரேட் என்ற வேறொரு உரப்பொருள். அது அந்தத் திட்டத்துக்கான வேதிப்பொருள் பட்டியலிலேயே இல்லை.