வன்னியின் உட்கிராமங்களுக்கு மரக்கறி: எந்த வழி நல்லது?

கத்தரி விளைகிற ஊரிலேயே கத்தரிக்காய் வாங்க முடியாத நிலைமை இலங்கையின் வடக்கே வன்னியில் உண்டு. இங்கே விளைந்தது வெளியூர்ச் சந்தைகளுக்கு ஏ9 நெடுஞ்சாலையில் ஏறிவிடும். தம்புள்ளைக் கரட்டும் கோவாவும் அதே வீதியால் வந்து இறங்கும். இதை மாற்ற நகரச் சந்தை, வாகன வியாபாரி, வீட்டுத்தோட்டம், கூட்டுறவுக் கடை என்று ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எந்த வழியென்றாலும் நான் முதலில் பார்ப்பது, மரக்கறி வாடினால் நட்டம் யார் தலையில் என்பதைத்தான்.

சந்தையில் விலை குறைவு, தெரிவும் அதிகம். ஆனால் உட்கிராமத்திலிருந்து கிளிநொச்சிக்கோ புதுக்குடியிருப்புக்கோ போய்வந்தால் பஸ் காசோடு அரைநாள் கூலியும் போய்விடும். இரண்டு கிலோ மரக்கறிக்கு அது கட்டாது. நட்டம் விவசாயிக்கு: அவர் கொண்டுவரும் 10 கிலோவுக்கு 1 கிலோவை 'கழிவு' என்று காசு கொடுக்காமல் தராசிலேயே வெட்டுவது வடக்குச் சந்தைகளில் நெடுநாள் மனக்குறை.

பட்டா என்கிற சிறு லொறியில் வரும் வியாபாரி படலைக்கே வந்துவிடுவார். கொப்பியில் எழுதிக் கடனும் தருவார். கூலி கிடைக்காத நாளில் பல வீடுகளில் கறி வேகுவது அந்தக் கொப்பியால்தான். அவரைக் கொள்ளைக்காரர் என்பது அநியாயம். வாடுவதற்கும் வராத கடனுக்கும் சேர்த்து விலை போட்டால்தான் அவருக்குக் கட்டும். அதனால் கீரையை விட்டுவிட்டு, கிடந்து தாங்கும் உருளைக்கிழங்கையும் பூசணியையுமே ஏற்றுகிறார்.

வீட்டுத்தோட்டத்தில் பிடுங்கியது வாடும் பேச்சே இல்லை. மாரியில் பயிற்றையும் வெண்டியும் தாராளமாகக் காய்க்கும். ஆடி, ஆவணியில் கிணறு வற்றினால் சரி, முடிந்தது. போதாததற்குக் குரங்கும் கட்டாக்காலி மாடும். வேலிக்கும் தண்ணீருக்கும் வழி செய்யாமல் விதைப் பொதியை மட்டும் கொடுப்பது வீண்செலவு.

என் தெரிவு கூட்டுறவுச் சங்கத்தின் கிளைக்கடை. நடை தூரத்தில் இருக்கிறது, தராசும் இருக்கிறது. விடியப் பிடுங்கிய கீரையையும் கத்தரியையும் வாரம் இரண்டு காலையில் ஊர் விவசாயியிடம் கழிவு வெட்டாமல் வாங்கி, மத்தியானத்துக்குள் விற்றுவிடலாம். சிக்கல் ஒன்றுதான். அரிசியும் சீனியும் விற்றுப் பழகிய கடை அது, தக்காளி அழுகும். அழுகியதற்கு முகாமையாளர் தன் கைக்காசைக் கட்டவேண்டுமென்றால் அவர் மரக்கறியைத் தொடவே மாட்டார். அந்த நட்டத்துக்குச் சங்கம் முன்கூட்டியே ஒரு தொகை ஒதுக்கவேண்டும். கூலி வீடுகளுக்கு வாரக் கடன் கணக்கும் வைக்கவேண்டும். புதிய சந்தைக் கட்டடத்துக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கு இதற்குப் போதும்.

கிளைக்கடை மூடிக் கிடக்கும் ஊர்களில் வியாபாரியையே பலப்படுத்தலாம்: பிளாஸ்டிக் கூடைகளும் வாகனத்துக்கு நல்ல கூரையும் வாங்க வட்டியில்லாக் கடன், பதிலுக்கு அந்தந்த ஊர் மரக்கறியையும் ஏற்றுவதாக ஓர் உடன்பாடு.