ஊட்டியில் வீடியோ எடுக்க எது: கையடக்க கேம்கார்டரா (வீடியோ கேமரா), கைபேசியா?

ஜூம்: குன்னூர்த் தேயிலைச் சரிவில் மேயும் காட்டுமாட்டை நெருங்கக் கூடாது. கேம்கார்டரின் 20 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸே பெரிதாக்கிக் காட்டுவது) எட்ட நின்றே அதன் வெள்ளைக் கால்களைக் காட்டிவிடும். கைபேசியில் அவ்வளவு இழுத்தால் படம் குழம்பிவிடும்.

வெளிச்சம்: மூடுபனி மாலையில் நல்ல கைபேசிதான் மேல். கேம்கார்டரின் சின்ன சென்சாரில் (ஒளியைப் படமாக்கும் சில்லு) புள்ளிகள் மண்டும்.

பேட்டரி: 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாக் குளிரில் இரண்டுமே சீக்கிரம் இறங்கும். கேம்கார்டருக்கு உதிரி பேட்டரியைச் சட்டைப்பைச் சூட்டில் வைத்திருந்து மாற்றலாம். கைபேசிக்குப் பவர் பேங்கைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டும்.

ஈரம்: வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் இரண்டிலும் லென்ஸில் நீர் பூக்கும். பழைய டேப் கேம்கார்டரோ ஈர எச்சரிக்கை காட்டி ஓடவே மறுக்கும். மலிவாகக் கிடைத்தாலும் மலைக்கு வேண்டாம்.

காட்டுயிர், பள்ளி ஆண்டுவிழா என்றால் கேம்கார்டர் வாங்கலாம். மலை ரயிலில் எடுத்ததை உடனே உறவினருக்கு அனுப்பக் கைபேசி போதும், சிக்னல் கிடைத்தால்.