வேலை இழந்தபின் நீண்ட பயணம்: ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் கருமபீடத்தில் ஒரு காலைப்பொழுது

ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது, தமிழ்நாட்டிலும் காசியிலும் நான்கு மாதங்கள் தங்கிவர வேண்டும் என்ற நெடுநாள் எண்ணத்தை நிறைவேற்ற இதுவே தருணம் என்று முடிவு செய்தேன். வேலை இழந்தவருக்கு மாதந்தோறும் பணம் வழங்கும் காப்புறுதித் திட்டம் இலங்கையில் இல்லை. ஊழியர் சேமலாப நிதியோ பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும்தான் முழுமையாகக் கைக்கு வரும். நிரந்தரமாகக் குடிபெயர்வோருக்கு விலக்கு உண்டு என்றாலும், திரும்பி வரப்போகும் பயணிக்கு அது பொருந்தாது. ஆகவே, சேவை முடிவில் நிறுவனம் தரும் பணிக்கொடையைத் தவிர, எனக்கு எஞ்சியிருந்தது, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி தொழில்கொள்வோர் மாதந்தோறும் நம் சம்பளத்தின் 3 சதவீதத்தைச் செலுத்திவரும் ஊழியர் நம்பிக்கை நிதியம் மட்டுமே.

வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டு, நாரஹேன்பிட்டையில் அந்த நிதியத்தின் அலுவலகம் உள்ள மெஹெவர பியச கட்டடத்துக்குக் காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தர் தமிழிலேயே பேசினார். நான் படிவத்தைக் கேட்டவுடன் எடுத்து நீட்டாமல், எதற்காகப் பணம் எடுக்கிறேன் என்று முதலில் விசாரித்தார். பயணத்தைப் பற்றிச் சொன்னதும், "இப்ப எடுத்தா இன்னும் அஞ்சு வருஷத்துக்கு எடுக்க ஏலாது மிஸ், வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வாங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தச் சேவையை மனமாரப் பாராட்டுகிறேன். திரும்பி வந்து சேரும் புதிய வேலையும் ஈராண்டில் பறிபோனால், அப்போது கை நீட்ட இந்த நிதியம் இராது என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

ஜெர்மனியில் இருக்கும் என் அக்காவும் ஒருமுறை வேலை இழந்தவர். அங்கே உதவித்தொகை பெறுகிறவர், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் சம்மதத்தோடு ஆண்டுக்கு மூன்று வாரங்கள் வரைதான் பொதுவாக ஊரைவிட்டு விலகியிருக்கலாம். இங்கே நாம் எங்கே போகிறோம் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் இந்த நிதியத்தில் கிடைப்பது நம் கணக்கில் சேர்ந்த தொகை, ஒரே தடவையில் தீர்ந்துவிடுவது. மாதம் 100,000 ரூபாய் சம்பளத்தில் ஒன்பது ஆண்டுகளுக்குச் சேர்வது, வட்டி நீங்கலாக, 324,000 ரூபாய். அதாவது மூன்று மாதச் சம்பளத்தைவிடச் சற்றே அதிகம். நான்கு மாதப் பயணத்துக்கே அது போதாது. திரும்பி வந்து வேலை தேடும் மாதங்களுக்கு எதுவும் மிஞ்சாது.

பணிக்கொடை இதைவிடப் பெரிய தொகை. ஐந்து ஆண்டு சேவையை நிறைவு செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் சேவை முடிந்து 30 நாட்களுக்குள் அதைச் செலுத்த வேண்டும். என் நிறுவனம் அந்தத் தவணையைக் கடத்தியது. தாமதத்துக்கு மேலதிகத் தொகை செலுத்தவேண்டி வரும் என்று எழுத்தில் நினைவூட்டிய பின்னரே காசோலை வந்தது. பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்கியிருந்தால் நான் பெரிதும் இடர்ப்பட்டிருப்பேன்.

நம்பிக்கை நிதியத்தின் பணம் இப்போது வேண்டாம் என்றாலும், அதன் கோரிக்கைப் படிவத்தில் நிறுவனத்தின் உறுதிப்படுத்தலைப் புறப்படுமுன் பெற்றுவிடுங்கள். ஆட்குறைப்புச் செய்யும் நிறுவனம், நாம் திரும்பும்போது அதே முகவரியில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நான் பயணத்தை இரண்டு மாதங்களாகச் சுருக்கி, பணிக்கொடையில் ஒரு பகுதியைக் கொண்டு போய்வந்தேன். நிறுவனம் கையொப்பமிட்ட அந்தப் படிவம் இன்னும் என் அலுமாரியில்தான் இருக்கிறது.