அட்வான்ஸைத் தர மனமில்லாத வீட்டு உரிமையாளரிடம் பேச மூன்று வழிகள்: ஓர் ஒப்பீடு

சென்னையில் வீட்டைக் காலி செய்யும்போது, அட்வான்ஸை முழுதாகத் திருப்பித் தர விரும்பாத உரிமையாளரிடம் வாடகைதாரர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றை நாடுகிறார்கள். கடைசி மாதங்களின் வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்வது ஒன்று; காலி செய்த பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது மற்றொன்று; சாவியைக் கொடுப்பதற்கு முன்பே இருவருமாக வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கணக்கை எழுதிக்கொள்வது மூன்றாவது.

முதல் வழி எளிதாகத் தெரிந்தாலும் உரிமையாளர் சம்மதித்தால் மட்டுமே பாதுகாப்பானது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கேட்பு அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள்ளும் அது செலுத்தப்படாவிட்டால், வாடகைதாரரை வெளியேற்றக் கோருவதற்கு அதுவே ஒரு காரணமாகிவிடும். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது பாக்கிதாரர் என்ற பெயரை நாமே ஏன் தேடிக்கொள்ள வேண்டும்?

நோட்டீஸுக்குச் சட்டத்தின் பலம் உண்டு. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும், வாடகைதாரர் தரவேண்டியதைக் கழித்து மீதியை அவர் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆயினும் வாடகை நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் காலமும் செலவும் நம்முடையவை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் குடியிருந்தவருக்கு வழி இன்னும் கடினமாகும்.

மூன்றாவது வழியையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். முன்பு ஒரு வீட்டில் சாவியை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு பணம் கேட்டேன். பெயின்ட் செலவு என்று ஒரு மாத வாடகை பிடிக்கப்பட்டது, மறுத்துப் பேச என் கையில் எதுவும் இருக்கவில்லை. அடுத்த வீட்டில், காலி செய்வதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே உரிமையாளரை வரச் சொல்லி, அறை அறையாகப் படம் எடுத்து, அவர் சொன்ன ஒவ்வொரு பிடித்தத்துக்கும், "சார், இது எதற்கு, எவ்வளவு என்று எழுதித் தந்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்டேன். அவர் குரலை உயர்த்தியபோதும் தொகையைப் பற்றி வாதாடாமல் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டதில், எழுத முடியாத பிடித்தங்கள் தாமாகவே விலகின. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரை, உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. குழாய் வாஷரை மாற்றுவது போன்ற சிறு பழுதுகள் நம்முடையவை. அந்தச் சிறு செலவுகளை நானே முதலில் ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு பெயின்ட் பேச்சை அவரும் வற்புறுத்தவில்லை.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, நேரில் வராமலும் எழுதித் தராமலும் நாளைக் கடத்தும் உரிமையாளரிடம் இது பலிக்காது. அப்போது படங்களையும் வாடகை செலுத்திய வங்கிப் பதிவுகளையும் இணைத்து நோட்டீஸ் அனுப்புவதைத் தள்ளிப்போடக் கூடாது.