மல்லாந்து கிடக்கும் கோல்ஸ்டன்: பிரிஸ்டலின் எம் ஷெட் அருங்காட்சியகம்

நுழைவுக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. ஆனால் நேராக அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள். முதலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மையத்தில் இருக்கும் வெறும் பீடத்தைப் பாருங்கள். 'நற்பண்பும் ஞானமும் மிக்க மைந்தர்' என்று அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனைப் புகழும் கல்வெட்டைப் படியுங்கள். பிறகு துறைமுகக் கரையோரமாக நடந்தால், 2020 ஜூன் 7 அன்று இனவெறிக்கு எதிரான போராட்டக்காரர்கள் அவர் சிலையைப் பீடத்திலிருந்து சாய்த்து, நீரில் உருட்டித் தள்ளிய இடம் வரும். அங்கிருந்து பிரின்ஸ் தெருப் பாலத்தைத் தாண்டினால் எம் ஷெட். பீடத்தின் உயரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் சிலை கிடக்கும் கோலம் உறைக்கும்.

கோல்ஸ்டன் 1680இல், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் சேர்ந்தவர். அவர் அதிலிருந்த காலத்தில் கம்பெனி கப்பலேற்றிய ஆப்பிரிக்கர்கள் சுமார் 84,000 பேர். வழியிலேயே இறந்தவர்கள் சுமார் 19,000 பேர். சிலை வைத்ததோ 1895இல். பிரிட்டன் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் இயற்றி 62 ஆண்டுகள் கழித்து! 'அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்' என்ற வாதம் இங்கே எடுபடாது.

சிலையைப் பேணியிருக்கும் விதம்தான் இங்கே முதல் தரம். வழக்கமாக வெண்கலச் சிலை அழுக்கானால் முழுதாகக் கழுவித் துடைத்து மெழுகு பூசுவார்கள். இங்கே அப்படிச் செய்திருந்தால் போராட்டக்காரர்கள் பூசிய சிவப்பும் நீலமும் சேற்றோடு போயிருக்கும். அதனால் மிதமான வேகத்தில் நீரைப் பாய்ச்சிச் சேற்றை மட்டும் நீக்கி, பெயர்ந்துவிடாதபடி பூச்சை நிலைப்படுத்தினார்கள். அந்த வேலையின்போது, சிலையின் கோட்டுக்குள் சுருட்டிச் செருகிய 1895ஆம் ஆண்டு வார இதழ் ஒன்றும் கிடைத்தது.

இப்போது சிலை நிமிர்த்தப்படாமல், காயங்களோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. நகரம் நடத்திய கருத்தறிதலில் சுமார் 14,000 பேர் பதிலளித்தார்கள். ஐந்தில் நான்கு பேர் அருங்காட்சியகத்தில் வைக்கச் சொன்னார்கள். அது சரியான முடிவு. உருக்கியிருந்தால் சான்று அழிந்திருக்கும். பீடத்தில் திரும்ப ஏற்றியிருந்தால் மரியாதை தொடர்ந்திருக்கும்.

'சிலையருகே அடிமை வணிகத்தைச் சொல்லும் விளக்கப் பலகை வைத்தால் போதாதா?' என்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2018இல் அதற்குத்தான் முயன்றார்கள். வாசகத்தை மென்மையாக்கச் சொல்லி இழுபறி. 2019இல் பலகைத் திட்டமே கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு சிலைமேல் கயிறு விழுந்தது.

நேரமிருந்தால் கிரேட் ஜார்ஜ் தெருவிலுள்ள ஜார்ஜியன் ஹவுஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைத் தோட்ட முதலாளி ஜான் பின்னியின் வீடு அது. அவருடைய அடிமையான பெரோ ஜோன்ஸ் வாழ்ந்ததும் அங்கேதான். வழியில் நீங்கள் பார்த்த, கொம்பு வைத்ததுபோன்ற நடைபாலத்துக்குப் பெரோவின் பெயரைத்தான் சூட்டியிருக்கிறார்கள். அந்த வீடு ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. தேதி பார்த்துப் போங்கள்.