அப்பாவின் நம்பருக்கு வரும் ஓடிபி

ஜனவரியில் மூன்று வார லீவில் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன், தஞ்சாவூர்ப் பக்கம். பொங்கல் ஒரு காரணம், பெரிய காரணம் பட்டா. அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகிறது, நிலம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வாரிசு சான்றிதழ் வாங்கி, பட்டாவில் அம்மா பெயரையும் எங்கள் பெயரையும் ஏற்றிவிட்டு வந்துவிடலாம் என்று நம்பித்தான் டிக்கெட் போட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சிட்டா, புலப்படம் (நிலத்தின் வரைபடம்) இரண்டையும் திண்ணையில் உட்கார்ந்தபடி மொபைலிலேயே எடுத்துவிட்டேன், ஒரு பைசா செலவில்லை. நான் காலேஜில் படித்த காலத்தில் இதே சிட்டாவுக்காக அப்பா விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ. வீட்டு வாசலில் போய் நிற்பார், அவர் வெளியூர் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்புவார். அந்த அலைச்சல் நிஜமாகவே ஒழிந்திருக்கிறது. நான் இருக்கிற ஜெர்மனியில் 575 அரசு சேவைகளை 2022 முடிவதற்குள் ஆன்லைனில் கொண்டுவர வேண்டும் என்று 2017ல் சட்டமே போட்டார்கள், கெடு தாண்டிப் போனது. அதனால் ஊரில் நடந்திருப்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

சிக்கல் வாரிசு சான்றிதழில் ஆரம்பித்தது. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் பொறுமையாக எல்லாவற்றையும் ஏற்றினாள். அம்மாவின் ஆதார் எண்ணைத் தட்டியதும், "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றாள். அம்மா பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்தார், ரப்பர் பேண்ட் போட்டு மூடியை இறுக்கிய போன், அப்பாவுடையது. அம்மாவின் ஆதாரில் இருப்பது அவருடைய நம்பர்தான். கேஸ் புக்கிங், ரேஷன், பேங்க் மெசேஜ் எல்லாம் அதற்குத்தான் வருகிறது. "இதை நிறுத்திட்டா எல்லாம் நின்னுடும்டா" என்று ஒரு வருஷமாக ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கிறார். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இதே கதை. விண்ணப்பதாரர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு போன் இருக்கும் என்று எங்கோ ஒரு அறையில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் மெசேஜ் வந்தது, தள்ளுபடி. இறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் 'ராசு' என்று முடிகிறது, ஆதாரில் 'ராஜ்'. அவ்வளவுதான். இதையும் மெசேஜில் சொல்லவில்லை, நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டோம். பேப்பர் காலத்தில், இரண்டும் ஒரே ஆள்தான் என்று வி.ஏ.ஓ. ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார், ஏனென்றால் அவருக்கு அப்பாவைத் தெரியும். இப்போதும் தெரியும், எழுதத்தான் இடமில்லை. நல்ல மனுஷர், பக்கத்து ஊரையும் சேர்த்துப் பார்க்கிறார். "பழசு க்ளோஸ் ஆயிடுச்சு சார், நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்கிப் புதுசா போட்டுருங்க" என்றார்.

அந்த 'க்ளோஸ்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. தள்ளுபடியானதும் முடிந்த மனுவாகிவிடுகிறது, அது கணக்கில் வேலை நடந்ததாகத்தானே ஏறும்? மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003ல் ஒரு மதிப்பீடு சொன்னார்: வளரும் நாடுகளின் மின்னாளுமைத் திட்டங்களில், அதாவது அரசு வேலையைக் கணினி வழியில் நடத்தும் திட்டங்களில், சுமார் 35 சதவீதம் முழுத் தோல்வி, 50 சதவீதம் பாதித் தோல்வி, 15 சதவீதம்தான் வெற்றி. வரைந்த திட்டத்துக்கும் தரையில் இருக்கிற நிஜத்துக்கும் உள்ள தூரம்தான் காரணம் என்பது அவர் வாதம். ராசுவுக்கும் ராஜுக்கும் நடுவில் உள்ள தூரமும் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

செய்ய முடியாத காரியமும் இல்லை இது. பக்கத்துக் கர்நாடகத்தில் பூமி திட்டத்தில் சுமார் 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, 2001 வாக்கிலேயே தாலுகா கவுண்டரில் 15 ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசைப்படிதான் எடுக்க முடியும் என்று மென்பொருளிலேயே கட்டிவைத்தார்கள், வேண்டியவர் மனுவை முன்னால் இழுக்க வழியில்லை. இந்த மாதிரித் திட்டங்களை மதிப்பிட்ட அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் சுபாஷ் பட்நாகர், மக்கள் எத்தனை தடவை நடந்தார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், லஞ்சம் கொடுத்தார்களா என்று கேட்டுக் கணக்கெடுத்தார். என்னைக் கேட்டால் அதுதான் சரியான கணக்கு.

அம்மாவிடம் அந்தக் கணக்கு இருக்கிறது. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் குறித்து வைத்திருக்கிறார்: இ-சேவை மூன்று, வி.ஏ.ஓ. இரண்டு, தாலுகா ஆபீஸ் ஒன்று, நோட்டரி ஒன்று. ஆட்டோ காசும் பக்கத்தில் எழுதியிருக்கிறது. தள்ளுபடிக்கு என்ன காரணம், எதைக் கொண்டுவந்தால் சரியாகும் என்று தமிழில் இரண்டு வரி அந்த மெசேஜில் இருந்திருந்தால் இந்த ஏழில் மூன்று தடவையாவது குறைந்திருக்கும்.

புது மனு போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். இப்போது வருவாய் ஆய்வாளரிடம் இருப்பதாக ஆன்லைனில் காட்டுகிறது, அதை இங்கிருந்தே பார்க்க முடிவது நல்ல விஷயம். நேற்று அப்பாவின் நம்பருக்கு வேலிடிட்டி முடிகிறது என்று அம்மா சொன்னார். 84 நாளுக்குப் போட்டுவிட்டேன்.