‘சர்க்கரை இல்லை’ என்று ஒட்டிய பொட்டலம்: கேக் சாமான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பத்தேகால் மணிக்கு, என் கணவரின் விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு சொட்டு ரத்தம் சர்க்கரை அளவு 241 என்று காட்டியது. சாப்பிடுவதற்கு முன் 128. இடையில் அவர் சாப்பிட்டது ஒரு தட்டு வெள்ளரிக்காய், இரண்டு அவித்த முட்டை, என் கையால் செய்த தேங்காய் சீஸ்கேக் இரண்டு துண்டு. அவ்வளவுதான். சர்க்கரை சேர்க்காத கேக் என்று நான் நம்பினேன், அப்படிச் சொல்லித்தான் அவர் தட்டில் வைத்தேன்.

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வீட்டிலேயே கேக் செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். வீட்டில் சர்க்கரை நோயாளி இருப்பதால் அதற்கென்றே கற்றுக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். பொட்டலம் எப்படி இருந்தது, எங்கே ஏமாந்தேன், எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில். அவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மே, ஜூன் மாதங்களில் இந்தப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் மாம்பழ வாசனைதான். செந்தூரா, அல்போன்சா, மல்கோவா என்று உறவுக்காரர்கள் தோட்டத்திலிருந்து கூடை கூடையாகக் கொடுத்தனுப்புவார்கள். அவர் ஒரு கீற்றை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார். இந்த ஒன்பது ஆண்டுகளில் இரண்டாவது கீற்றுக்கு அவர் கை நீட்டி நான் பார்த்ததில்லை. அப்படி வாயைக் கட்டிய மனிதருக்கு, பிறந்த நாளன்று பயமில்லாமல் தின்ன ஓர் இனிப்பு செய்து கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சீஸ்கேக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மற்ற கேக்குகள் பலவற்றில் மைதாவை எடுத்துவிட்டால் கேக்கே நிற்காது. சீஸ்கேக்கின் உடம்பு க்ரீம் சீஸும் முட்டையும்தான். வழக்கமாக அடியில் பிஸ்கட் தூளை வெண்ணெயில் பிசைந்து அழுத்துவார்கள். அதற்குப் பதில் 100 கிராம் பாதாமை மிக்சியில் பொடித்து, 50 கிராம் உலர்ந்த தேங்காய்த் துருவலை வறுத்துச் சேர்த்து, 60 கிராம் வெண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் போதும். மேலே 400 கிராம் க்ரீம் சீஸ், தண்ணீர் வடித்த கட்டித் தயிர் 200 கிராம், மூன்று முட்டை, கெட்டித் தேங்காய்ப் பால். பத்துத் துண்டு போட்டால் ஒரு துண்டில் நார்ச்சத்து போக நான்கு, ஐந்து கிராம் மாவுச்சத்துதான் வரும். ஒரு இட்லியை விடக் குறைவு. கணக்கு சரியாக இருந்தது. இனிப்புக்கு என்ன சேர்ப்பது என்பது ஒன்றுதான் மிச்சம்.

அதற்கு எரித்ரிட்டால் என்று ஒன்று இருக்கிறது. பார்வைக்குச் சர்க்கரை போலவே வெள்ளைப் பரல். சர்க்கரையின் இனிப்பில் 60 முதல் 70 விழுக்காடு. உடம்பு அதைக் கிட்டத்தட்ட அப்படியே சிறுநீரில் வெளியேற்றிவிடும் என்பதால் ரத்தச் சர்க்கரை ஏறாது. விலைதான் அதிகம். கிருஷ்ணகிரியில் கேக் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் கேட்டேன். உடனே அரைக் கிலோ பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார்கள். நிறமில்லாத பிளாஸ்டிக் கவர், அதன்மேல் பச்சை எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: எரித்ரிட்டால், சர்க்கரை இல்லாதது. 420 ரூபாய்.

“கம்பெனி பெயர் ஒன்றும் போடவில்லையே?” என்று கேட்டேன்.

“பெங்களூரிலிருந்து மூட்டையாக வருகிறது மேடம், நாங்கள் பிரித்துப் போடுகிறோம். டப்பாவில் வாங்கினால் இதே சரக்குக்கு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்” என்றார் கடைக்காரர்.

பெங்களூர் நமக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். இங்கே பாதிச் சரக்கு அங்கிருந்துதான் வருகிறது. நம்பினேன். தேங்காய்ப் பாலுக்கும் அவரே ஒரு யோசனை சொன்னார்: “பிழிந்த பால் தண்ணீர் விடும், பவுடர் போடுங்கள்.” தென்பெண்ணைக் கரையில் தென்னந்தோப்புக்கு நடுவில் குடியிருந்துகொண்டு நான் பவுடர் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அது என் தவறு.

செய்த நாளன்றே மூன்று அறிகுறிகள் கண்முன் இருந்தன. மூன்றையும் நான் தவறாகப் படித்தேன்.

குறிப்பில் கலவைக்கு 150 கிராம் எரித்ரிட்டால் என்று இருந்தது. 120 கிராம் போட்டுக் கலக்கி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தபோதே இனிப்பு தூக்கலாக இருந்தது. நல்ல சரக்கு போலிருக்கிறது என்று நினைத்து, மீதியை மிச்சம் பிடித்தேன். சர்க்கரையை விட இனிப்புக் குறைந்த ஒன்று, குறைவாகப் போட்டும் ஏன் இப்படித் தித்திக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். எரித்ரிட்டால் நாக்கில் பட்டால் புதினா மிட்டாய் போல ஒரு குளிர்ச்சி தரும், வாசனை மட்டும் இருக்காது. அந்தக் குளிர்ச்சியும் இல்லை.

மூன்றாவது, அடிப்பாகத்தைத் தனியாகப் பத்து நிமிடம் சுட்டபோது. அதிலும் 20 கிராம் சேர்த்திருந்தேன். வெண்ணெய் கசிந்து ஓரத்தில் தாளோடு சேர்ந்த இடத்தில், தேன் நிறத்தில் மெல்லிய கண்ணாடிச் சில்லு போல ஒன்று படிந்திருந்தது. நகத்தால் பெயர்த்தால் ‘டக்’ என்று உடைந்தது. கடலை மிட்டாய்ப் பாகு உறைந்தால் எப்படி இருக்குமோ அப்படியே. நிறம் அழகாக வந்திருக்கிறது என்று மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். எரித்ரிட்டால் அப்படிப் பழுப்பாகாது. அன்று எனக்கு அது தெரியாது.

மற்றபடி கேக் நன்றாகவே வந்தது. 160 டிகிரியில், தட்டில் வெந்நீர் ஊற்றி அதற்குள் அச்சை வைத்து, ஐம்பது நிமிடம். நடுவில் மட்டும் லேசாக ஆட வேண்டும், அப்போது நிறுத்திவிட்டு ஓவன் கதவைச் சற்றே திறந்து வைத்து அதற்குள்ளேயே ஆறவிட்டால் வெடிப்பு விழாது. பிறகு ஆறு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில். அவர் ஒரு துண்டு தின்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். “இன்னொன்று வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளில் முதல் முறையாக இரண்டாவது. “தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், இதில் ஒன்றும் இல்லை” என்று நான்தான் எடுத்து வைத்தேன்.

பத்தேகாலுக்கு 241. சர்க்கரை பார்க்கும் சோதனைப் பட்டை கெட்டுப்போயிருக்கும் என்று கையைக் கழுவச் சொல்லி, புதிய டப்பாவைப் பிரித்து மறுபடி பார்த்தோம். 236. மாத்திரை போட்டாரா என்று பெட்டியை எண்ணினேன். போட்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வாசலில் போய் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்து படுத்தார். நான் தூங்கவில்லை.

மறுநாள் காலை, தாளிக்கும் கரண்டியில் அந்தப் பொடியை ஒரு தேக்கரண்டி போட்டு, எண்ணெய் எதுவும் இல்லாமல் சின்ன தீயில் காட்டினேன். ஓரத்தில் முதலில் மஞ்சள் படர்ந்தது. பிறகு உருகி, தேன் நிறமாகி, நுரைத்தது. பாகு கருகும் வாசனை சமையலறை முழுக்க. பக்கத்து அடுப்பில் இன்னொரு கரண்டியில் எங்கள் ரேஷன் சர்க்கரையைக் காட்டினேன். அதே நிறம், அதே நுரை, அதே வாசனை. எது எந்தக் கரண்டி என்று எனக்கே மாறிவிடும் போலிருந்தது.

பிறகு ஓசூரில், உற்பத்தியாளர் பெயரோடு மூடி முத்திரையிட்ட டப்பாவில் வாங்கிய எரித்ரிட்டாலையும் அதே போல் சோதித்தேன். ஏறத்தாழ 121 டிகிரியிலேயே அது உருகிவிடும். தண்ணீர் போலத் தெளிவாக உருகியது. நிறம் இல்லை, வாசனை இல்லை. அடுப்பை அணைத்ததும் கற்பூரம் போல வெள்ளையாக உறைந்துவிட்டது. இந்த ஒரு சோதனையை மட்டும் எல்லோரும் செய்துபாருங்கள், கை கூப்பிக் கேட்கிறேன். தீ மட்டும் சின்னதாக இருக்கட்டும்.

கடைக்காரர் எனக்கு விற்றது சர்க்கரையா, சர்க்கரையும் வேறு மாவும் கலந்ததா என்பதை ஆய்வகம் சொல்லட்டும். முழுவதும் சர்க்கரை என்றே வைத்துக்கொண்டால், 140 கிராம் போட்ட கேக்கில் ஒரு துண்டுக்கு 14 கிராம். இரண்டு துண்டுக்கு 28. ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையை என் கையால் அவருக்கு ஊட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கருகிய கரண்டியையும் எடுத்துப்போனேன்.

“கேக் என்றால் சுகர் ஏறத்தான் செய்யும் மேடம். ஒவ்வொருவர் உடம்பு ஒவ்வொரு மாதிரி” என்றார்.

“அந்த மூட்டையைக் காட்டுங்கள்” என்றேன். தீர்ந்துவிட்டது என்றார். யாரிடம் வாங்கினீர்கள் என்றேன். அண்ணனுக்குத்தான் தெரியும் என்றார். வாங்கிய அன்று எனக்குக் கொடுத்த சீட்டில் ‘கேக் சாமான் 1,160’ என்று மட்டும்தான் இருந்தது. கடைசியில் 420 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார், பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கொடுக்கவில்லை.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். பிரித்துக் கட்டிய பொட்டலமாக இருந்தாலும் அதில் கட்டியவரின் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, 14 இலக்க உணவு உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். என் பொட்டலத்தில் எடையும் விலையும் மட்டுமே இருந்தன. ‘சர்க்கரை இல்லாதது’ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது.

2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு நம்மில் பலருக்குத் தெரியாது. வாங்குகிறவரே கட்டணம் செலுத்தி, வாங்கிய பொருளை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. எனவே மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்தேன். சந்தேகம் இருந்தால் பொட்டலத்தை முழுதாகப் பிரித்துவிடாதீர்கள், பொருளின் பெயரோடு பில் கேட்டு வாங்குங்கள்.

அச்சிட்ட டப்பா என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். சீனித்துளசி (ஸ்டீவியா) என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதன் சாரம் சர்க்கரையைப் போல் 200, 300 மடங்கு இனிப்பது, ஆகவே ஒரு கரண்டியில் அது ஒரு துகள்தான் இருக்க முடியும். மீதி இடத்தை நிரப்புவது பல டப்பாக்களில் மால்டோடெக்ஸ்ட்ரின். மாவிலிருந்து எடுப்பது. சர்க்கரை என்ற கணக்கில் வராது, ஆனால் ரத்தச் சர்க்கரையைக் குளுக்கோஸ் வேகத்திலேயே ஏற்றும். என் தேங்காய்ப் பால் பவுடர் பெட்டியின் பின்பக்கத்திலும், பொடி எழுத்தில், அதே மால்டோடெக்ஸ்ட்ரின்தான் இருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கான சாக்லேட்டுகளில் வரும் மால்டிட்டாலும் எரித்ரிட்டால் அல்ல. சர்க்கரையின் பாதிக் கலோரி அதில் உண்டு, ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும்.

எரித்ரிட்டாலையும் நான் அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததாக 2023-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. இருந்தாலும் ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறைக்கு மேல் வேண்டாம் என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்தேன். எங்கள் மரத்துத் தேங்காயில் தண்ணீர் சேர்க்காமல் பிழிந்த முதல் பால், ஓசூர் டப்பாவிலிருந்து 150 கிராம் எரித்ரிட்டால். மிக்சியில் மாவாக அரைத்துத்தான் சேர்த்தேன், இல்லாவிட்டால் குளிர்ந்த பிறகு பல்லில் நறநறவென்று அகப்படும். கடைக்காரர் சொன்னது போல் பால் தண்ணீர் விடவும் இல்லை. அவர் இந்த முறை ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். நான் வற்புறுத்தவில்லை. முன்பு 126, இரண்டு மணி நேரம் கழித்து 151.

அந்தப் பழைய பொட்டலத்தில் இன்னும் 350 கிராம் மீதி இருக்கிறது. வாயைக் கட்டி, தேதி எழுதி, அலுவலர் கேட்டால் கொடுப்பதற்காக அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். பச்சை எழுத்து ஸ்டிக்கர், இடப்பக்கம் சின்னதாக ஓர் இலைப் படம், உரிம எண் இல்லை. இதே போன்ற ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே ஒரு கரண்டி எடுத்து அடுப்பில் காட்டிப் பாருங்கள்.